கோல்கீப்பரின் மணிக்கட்டு

மழை. கணுக்கால் புதையும் சேறு. ஒரு மனிதன் தரைக்கும் வானத்துக்கும் நடுவே படுத்தவாக்கில் மிதக்கிறான். இரண்டு கைகளும் நீண்டிருக்கின்றன. விரல் நுனியிலிருந்து அரையடி தள்ளிப் பந்து.

அந்தப் பந்து அவன் கைக்கு வந்ததா, வலைக்குள் போனதா என்று படம் சொல்லவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். மேல் மூலையில் துருப்பிடித்த கிளிப்பின் தடம்.

நான் அதை ஸ்கேன் செய்து, கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசி எங்கே, கீறல் எங்கே என்று தேடுவது என் வேலை. முகத்தைப் பெரிதாக்கினேன். வாய் திறந்திருந்தது. கையைப் பெரிதாக்கினேன். இடது மணிக்கட்டில் தடிமனாகத் துணி சுற்றியிருந்தது. படத்தின் முதுகில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டும் அதைத்தான் சொன்னது: மணிக்கட்டுக் காயத்தோடு ஆடிய பிஜி கோல்கீப்பர். பெயர் இல்லை.

இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஈரத்தில் துணி விலகிய ஓரத்தில் ஒரு நூல் முடிச்சு தெரிந்தது. முடிச்சில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஏதோ கட்டியிருந்தது.

அது காயம் இல்லை. மஞ்சள் கிழங்கு.

பக்கத்து நாடு

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வேலை தெரியும். புதியவர்களுக்காக இரண்டு வரி. மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. அந்தப் பகுதி மக்கள் கொடுத்த பழைய படங்களை ஸ்கேன் செய்து, கீழே இரண்டு வரி எழுதி, சுவரில் மாட்டத் தயார் செய்வது என் பகுதிநேர வேலை. நூலகப் படிப்பு படித்துவிட்டு வந்தவனுக்கு ஆக்லாந்து தந்த முதல் நாற்காலி அது.

அந்த மாதம் ஒரு பெட்டி முழுக்கக் கால்பந்து. அக்கம்பக்கத்துத் தீவு நாடுகள் ஒன்றுகூடி, நாட்டுக்கு ஓர் அணியாக வந்து ஆடிய ஆரம்பகாலப் போட்டிகளில் ஒன்று. இங்கேதான் நடந்திருக்கிறது. என் அப்பாவுக்கு மீசை முளைக்காத காலம் அது.

பெட்டியில் எனக்குப் பிடித்தவை ஆட்டப் படங்கள் அல்ல. ஒரு பேருந்துக்குள் இரண்டு நாட்டு ஆட்டக்காரர்கள் கலந்து உட்கார்ந்திருக்கும் படம். ஒருவர் பேசுவது பிரெஞ்சு, மற்றவருக்கு அது தெரியாது. நடுவில் ஒருவர் கிதார் வைத்திருக்கிறார். இன்னொன்றில், ஒரு வீட்டின் துணிக்கொடியில் ஒரு நாட்டின் மொத்தச் சட்டைகளும் காய்கின்றன. ஓட்டலில் தங்கவில்லை, வீடு வீடாகப் பிரித்துத் தங்கவைத்திருக்கிறார்கள். பேருந்து ஓட்டுநர், குமாஸ்தா, கரும்பு ஆலைத் தொழிலாளி என்று எல்லோரும் லீவு போட்டு வந்தவர்கள்.

பக்கத்து நாடு என்று நாம் சொன்னால் ஓர் ஆறு, ஒரு மலை, ஒரு வேலி. இவர்களுக்குப் பக்கத்து நாடு என்றால் மூன்று மணி நேரம் கடலுக்கு மேல் பறக்கவேண்டும். அத்தனை தண்ணீரைத் தாண்டி வந்து, சேற்றில் விழுந்து, சட்டையை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் நான் பிறந்த காலனிக்கும் ஊருக்கும் இடையே ஓர் ஓடைதான். கோடையில் அதில் தண்ணீர்கூட இருக்காது. எங்களிடமும் ஒரு டீம் இருந்தது, ஊரிலும் ஒரு டீம் இருந்தது. இரண்டும் ஒருமுறைகூட மோதியதில்லை. யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

எங்கள் பந்தை அப்பா கொண்டுவருவார். அவர் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார், இன்றும்தான். வெட்டிப்போட்ட தோல் துண்டுகளை உருட்டி, கந்தல் திணித்து, அவரே தைத்துக் கொடுப்பார். ஒரு மழைக்கு அது ஊறி அரைமூட்டை அரிசி கனம் கனக்கும். தலையால் முட்டினால் நட்சத்திரம் தெரியும். ஆகவே பழைய பந்து படத்தில் எப்படி மினுங்கும், நனைந்தால் தையல் எப்படி உப்பும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

காப்பும் மனப்பாடம். ஆடி மாதம் அப்பாவின் மணிக்கட்டிலும் அது இருக்கும். மஞ்சள் தோய்த்த நூல், நடுவில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர் பத்து நாள் விரதத்துக்குக் கட்டிக்கொள்வது.

பிஜி கோல்கீப்பர் ஒருவர் கையில் அது எப்படி வந்தது? பிஜிக்குக் கரும்பு வெட்டப் போனவர்களில் எங்கள் வடார்க்காட்டுக்காரர்கள் ஏராளம், அங்கே மாரியம்மன் கோயில்களில் இன்றும் தீமிதி நடக்கிறது என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு. அரையடி தள்ளிப் பந்தோடு, ஆக்லாந்து மழையில் அதைப் பார்த்தது வேறு.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அந்த அறையில், அந்தக் கட்டிடத்தில், ஒருவேளை அந்தத் தெருவிலேயே, அது காயம் இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். கர்வம் வந்தது. கர்வம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று வாசகர்களுக்குத் தெரியும்.

குரூப்பில் போட்டேன்

ஆக்லாந்துத் தமிழர்கள் பலர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டேன். கையில் காப்புக் கட்டிக்கொண்டு ஆடியிருக்கும் இவர் யார், தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டேன். மணிக்கட்டைச் சிவப்பில் வட்டமிட்டும் காட்டினேன்.

பதினாறு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் சான்ட்ரிங்ஹாமில் முருங்கைக்கீரை எந்தக் கடையில் வந்திருக்கிறது என்று கேட்டார். அதற்கு உடனே ஆறு பதில் வந்தது.

பிறகு தனியாக ஒரு செய்தி. ஆங்கிலத்தில். அனுப்பியவர் பெயர் ரீனா. அவர் எழுதியிருந்தது இது: படத்தில் இருப்பது என் அப்பா மாணிக்கம். அவர் அந்தப் போட்டிக்கு வந்தது உண்மை, ஆனால் ஆடவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்றுதான் எங்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். என் சித்தப்பா பார்த்துவிடக் கூடாது.

கடைசி வரியை இரண்டாம் முறை படித்தேன். உடனே அழித்தேன். என்னோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் சுதன், யாழ்ப்பாணத்துக்காரர், மூன்று தொலைக்காட்சிச் சந்தா கட்டிக் கால்பந்து பார்க்கிறவர். அவரிடம் சொன்னேன்.

"உமக்கு விசரே? ஆளைக் கேக்காமல் படத்தைப் போட்டனீரே?"

அழித்துவிட்டேன் என்றேன்.

"ஓம், படத்தை அழிச்சனீர். பாத்த சனத்தின்ர கண்ணை ஆர் அழிக்கிறது?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அறைக் கதவருகே வந்து நின்றார். "அது சரி, அந்தப் பந்தை ஆள் பிடிச்சவரோ?"

செய்தித்தாள் துண்டின் இரண்டாவது வரியில் விடை இருந்தது. நான் சொல்லவில்லை. அன்றைக்கு யாரைப் பற்றியும் இனி எதுவும் சொல்வதில்லை என்ற மனநிலையில் இருந்தேன்.

மறுநாள் ரீனாவிடமிருந்து இன்னொரு செய்தி. அப்பா உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார், படத்தோடு.

மரவள்ளிக் கிழங்கு

ஹில்ஸ்பரோவில் அவர்கள் வீட்டு முன்னறையிலிருந்து பார்த்தால் துறைமுகத் தண்ணீர் தெரிகிறது. அலையில்லாத, சாம்பல் நிறத் தண்ணீர். ரீனா மருத்துவமனையில் வேலை செய்கிறவர். கதவைத் திறந்ததும் மெதுவாகச் சொன்னார்: அப்பாவும் சித்தப்பாவும்தான் இந்த நாட்டில் ஒருவருக்கொருவர் துணை. இந்தப் படத்தைச் சுவரில் மாட்டப்போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், மாட்டவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் அதற்குத்தான் போயிருந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புவது என் திட்டம்.

மாணிக்கம் அங்கிள் படத்தில் தெரிந்ததைவிடக் குள்ளம். கை மட்டும் பெரியது. டீயும், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும், உப்பு சேர்த்து நசுக்கிய பச்சைமிளகாயும் மேசையில் இருந்தன. அவர் தமிழ் கொஞ்சம்தான். பிஜியில் லம்பாசா பக்கம், தென்னிந்தியர் சங்கம் நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்தது, அம்மாவிடம் பேசியது. அம்மா போனபிறகு தமிழில் பேசத் தம்பி ஒருவர்தான் மிச்சம். பிள்ளைகளோடு இந்தி, ஆங்கிலம்.

மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டுப் படத்தைக் கேட்டார்.

அவர் அதைப் பார்த்ததே இல்லை. ரீனா சொல்லும்வரை அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் தன் இடது மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டார். காப்பு இப்போதும் அங்கே இருப்பது போல.

சொன்னார். பாதி தமிழ், பாதி ஆங்கிலம், வார்த்தை கிடைக்காத இடத்தில் கை. நான் கேட்டதை என் மொழியில் தருகிறேன்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரி கைவிட்டது. மகன்கள் இருவரும் தீ மிதிப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். மாணிக்கமும் தம்பி ஆறுமுகமும் ஒரே நாளில் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலில் தங்கினார்கள். நாலாம் நாள் ஆள் வந்தது. நாட்டு அணியின் கோல்கீப்பருக்கு விரல் பிசகிவிட்டது, அவரே ஆடுவார், ஆனாலும் பெஞ்சில் ஒரு மாற்று ஆள் வேண்டும், உடனே புறப்படு.

காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்றார் பூசாரி. அம்மா படுக்கையிலிருந்தே ஒரு வழி சொன்னாள். போ, ஆனால் உட்கார்ந்துவிட்டு வா. பத்து நாளும் தோல் தொடாதே. பந்து தோல்தானே, அதைத் தொடாதே. உனக்கும் சேர்த்துத் தம்பி தீ மிதிப்பான்.

இந்த இடத்தில் நான் கிழங்கை மென்றுகொண்டிருந்தேன். மெல்வதை நிறுத்திவிட்டேன்.

தோல் தொடக் கூடாது என்பது அவர்கள் கோயில் விதி. செருப்பு, பெல்ட், எதுவும். எனக்குள் கேள்விகள் எழுந்தன. அம்மனை அழைக்கிற உடுக்கையும் பம்பையும் தோல் இல்லையா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று தொண்டைவரை வந்தது. என் அப்பாவைப் பற்றியது. கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று நேர்மையாக எழுதிவிடுகிறேன். இங்கே தமிழர் வீடுகளில் இரண்டாவது டீ வருவதற்குள் அப்பா என்ன பண்றார் என்ற கேள்வி வந்துவிடும். எக்ஸ்போர்ட் கம்பெனி என்பேன். பொய் இல்லை. தோல் ஏற்றுமதியாகத்தான் செய்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான், அங்கே கற்றுக்கொண்ட சாமர்த்தியம் இது.

நீலக் கையுறை

உட்கார்ந்திருந்துவிட்டு வரலாம் என்றுதான் மாணிக்கம் அங்கிளும் வந்திருக்கிறார். முதல் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அதில் அந்தப் பிசகிய விரல்காரருக்கு இன்னும் மோசமாகிவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு இவர்தான்.

காப்பைக் கழற்ற மனமில்லை. ரெஃப்ரி பார்த்தால் கழற்றச் சொல்வார். ஆகவே துணி சுற்றி, சுளுக்கு என்றார். பந்துக்கு என்ன செய்வது? தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி குளிருக்குக் கொடுத்த கம்பளிக் கையுறை இருந்தது. நீல நிறம். அதைப் போட்டுக்கொண்டார். கம்பளிதானே பந்தைத் தொடுகிறது, நான் எங்கே தொட்டேன்? அந்தக் கணக்கில் ஒரு கோல்கூட விடாமல் ஒரு ஆட்டம் முடிந்தது.

கடைசி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. கம்பளி ஊறிக் கை கனத்தது. பந்து சோப்புக்கட்டி போல வழுக்கியது. இடைவேளையில் கேப்டன் கத்தினார். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கையுறையை உருவி கோல்கம்பத்துக்கு அடியில் போட்டார்.

படத்தைத் திரும்பப் பார்த்தேன். இத்தனை நாள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், அதற்கு மேலே பார்க்கவில்லை. கைகள் வெறுங்கைகள். கம்பத்தின் அடியில், நான் சேறு என்று நினைத்த கறுப்புத் திட்டு சேறு இல்லை.

அதே நாள். அதே பொழுது. ஆக்லாந்துக்கும் பிஜிக்கும் அன்று நேர வித்தியாசம்கூட இல்லை என்று அவரே சொன்னார். பல வருடம் கணக்குப் போட்டுப் பார்த்தவர் போலச் சொன்னார். லம்பாசாவில் ஆறுமுகம் தீக்குழியில் இறங்கினார். அவருக்கு முன்னால் போன எட்டுப் பேருக்கும் ஒன்றும் இல்லை. அவருக்குச் சுட்டுவிட்டது. வலது பாதம் முழுக்க.

அண்ணன் ஊர் திரும்பியபோது தம்பி வாழையிலையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். ஊர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. விரதத்தில் தப்புச் செய்தவனைத்தான் தீ சுடும். என்ன தின்றானோ, எங்கே போனானோ. பேசிமுடித்திருந்த பெண் வீட்டார் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

அம்மா மாணிக்கத்தைக் கேட்டாள், தொட்டியா என்று.

இல்லம்மா, உக்காந்திருந்தேன் என்றார்.

உடன் ஆடியவர்கள் எல்லாம் வேறு தீவு, வேறு ஊர். பேப்பரிலும் பெயர் வரவில்லை. பொய் நின்றுவிட்டது. அம்மா பிழைத்து எழுந்து, பேரப்பிள்ளைகளைத் தூக்கும்வரை இருந்தாள். ஆறுமுகம் கால் ஆறியதும் ஊரை விட்டுக் கிளம்பி, மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்றிலிருந்து எந்தக் கோயிலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. மாணிக்கம் அந்த ஆட்டத்துக்குப் பிறகு பந்து ஆடவில்லை; பிற்பாடு குடும்பத்தோடு இங்கேயே வந்துவிட்டார்.

"தம்பி, பெருசா ஒண்ணு பிரிண்ட் போட்டுத் தருவியா?" என்றார். "புதன்கெழம அவனப் பாப்பேன். காட்டணும்."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. ரீனாவுக்குத் தமிழ் பேச வராது, புரியும்.

"கோவத்துல எழுந்து போயிட்டார்னா, அங்கிள்?" என்றேன்.

"போகட்டும். இத்தன வருசம் என்கூட ஒக்காந்து டீ குடிச்சான். நான்தான் ஒரு தடவகூட நேரா ஒக்காரல."

புதன்கிழமை மேசை

மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் சென்டரில், சாப்பாட்டுக் கடைகள் சுற்றியிருக்கும் நடுக்கூடத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்து மேசை அவர்களுடையது. புதன்கிழமை பகல் பதினொரு மணி. இரண்டு டீ, ஒரு தட்டு சிப்ஸ். துப்புரவு செய்கிற பெண் அந்த மேசையை முதலில் துடைத்து வைத்துவிடுவாளாம்.

நான் அட்டைக் குழலில் பிரிண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு முன்னதாகவே போய்விட்டேன். எங்கள் கூடத்துப் பொறுப்பாளர் அந்தப் படத்தையே கண்காட்சிச் சுவரொட்டியாகப் போட விரும்பினார். வியாழக்கிழமை வரை பொறுங்கள், அந்தப் படம் ஓரிடத்துக்குப் போய்வர வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தேன்.

ஆறுமுகம் அங்கிள் தூரத்தில் வரும்போதே தெரிந்தது. உயரமானவர். வலது பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி நடக்கிறார். ஒவ்வொரு எட்டிலும் தோள் கொஞ்சம் சாய்ந்து நிமிர்கிறது.

அண்ணன் என்னை அறிமுகம் செய்தார், வடார்க்காட்டுப் பையன், பழைய படம் பார்க்கிற வேலை. தம்பி என் கையைக் குலுக்கிவிட்டு, அந்த வேலைக்குச் சம்பளமும் தருகிறார்களா என்று கேட்டார். சிப்ஸில் வினிகரை ஊற்றினார்.

"ஆறுமுகம், ஒண்ணு காட்டறேன். பாத்துட்டுப் பேசு" என்றார் அண்ணன்.

குழலிலிருந்து உருவி விரித்தேன். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு முனையில் உப்பு ஜாடியையும் மறுமுனையில் டீ கப்பையும் வைத்தேன். வைத்த வேகத்தில் கொஞ்சம் டீ சிந்தியது.

அவர் குனிந்து பார்த்தார். முதலில் முகம். பிறகு மணிக்கட்டு. விரல் அங்கே நின்றது. அவருக்கு வட்டம் போட்டுக் காட்டவேண்டியிருக்கவில்லை. பிறகு விரல் மேலே நகர்ந்து வெறுங்கைகளில் நின்றது.

"நீ ஒக்காந்திருந்தேன்னு சொன்ன."

"பொய்."

"அம்மாகிட்டயும்?"

"அம்மாகிட்டயும்."

மாணிக்கம் அங்கிள் மீதியையும் சொன்னார். கையுறை, மழை, கம்பத்தடி. என்னிடம் சொன்னதைவிட வேகமாக, தமிழிலேயே சொன்னார். தோல தொட்டது நான், சுட்டது ஒன்ன என்று முடித்தார். பிறகு இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

ஆறுமுகம் அங்கிள் எழுந்து போகவில்லை. நாற்காலியில் சாய்ந்து, சுற்றிலும் இருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுஷி, கபாப், ஜூஸ்.

"ஏழாம் நாளு," என்றார். யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை. "கோயிலுக்குப் பின்னாடி ஒரு வீடு. மீன் பொரிச்சாங்க. எனக்கு எச்சி ஊறிச்சு. முழுங்கிட்டேன். அதுதான்னு நெனச்சேன். இத்தன வருசமா அந்த மீனுன்னு நெனச்சிட்டிருக்கேன்."

அந்த மேசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. ஒருவர் ஒரு மீன் வாசனைக்காகக் கோயிலை விட்டிருக்கிறார். ஒருவர் ஒரு பந்துக்காக ஆட்டத்தை விட்டிருக்கிறார். என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. ஹில்ஸ்பரோவில் கிழங்கோடு சேர்த்து முழுங்கிய விஷயம்.

"எங்கப்பா டேனரில வேலை செய்யறார்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

ஆக்லாந்து வந்து அந்த வாக்கியத்தை முதன்முறையாகச் சொல்கிறேன். பக்கத்து மேசைக்குக் கேட்டிருக்குமோ என்று ஒரு கணம் பார்த்தேன். அங்கே ஒரு குழந்தைக்கு ஐஸ்க்ரீம் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னேன். ஆடி மாதம் காப்புக் கட்டிக்கொண்டு அப்பா வேலைக்குப் போவார், பத்து நாளும் லீவு கிடைக்காது. காலையில் கோயில், பகலெல்லாம் ஈரத்தோலை இழுத்து உலர்த்துவது, சாயங்காலம் குளித்துவிட்டு மறுபடி கோயில். காப்பு நூலே தோல் வாசம் அடிக்கும். அந்தக் கையோடுதான் வருடா வருடம் தீ மிதிப்பார். எங்கள் காலனியில் மிதிக்கிற முக்கால்வாசிப் பேர் டேனரிக்காரர்கள்தான்.

"சுடாதா?" என்றார் மாணிக்கம் அங்கிள். மெல்லிய குரல்.

"அப்பாவுக்கு ஒரு தடவகூட சுட்டதில்ல. ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுட்டுச்சு. தட்டிவிட்ட நெருப்புல ஒரு பக்கம் மேடா இருந்துச்சுன்னாங்க. அவரு மறு வருஷமும் மிதிச்சார்."

"யாரும் ஒண்ணும் சொல்லல?" என்றார் தம்பி.

"பர்னால் களிம்பு வாங்கிட்டு வந்து குடுத்தாங்க."

ஆறுமுகம் அங்கிள் தன் வலது ஷூவைப் பார்த்தார். மேசைக்கு அடியில் அதை இன்னொரு பாதத்தின் மேல் ஏற்றிவைத்திருந்தார். அவருடைய ஷூவும் தோல்தான். அதை நாங்கள் மூவரும் ஒரே சமயத்தில் கவனித்தோம் என்று நினைக்கிறேன்.

நான் சொன்னதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஓர் ஊர் விதி இன்னோர் ஊர் விதியை ரத்து செய்துவிடுமா? வராமல் போன கல்யாணம் திரும்பி வருமா? அவர் அதை நம்பினாரா என்றே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் எல்லோரும் சிப்ஸ் தின்றோம். ஆறிப்போயிருந்தது.

பிறகு ஆறுமுகம் அங்கிள் டீ கப்பை எடுத்தார். படத்தின் ஒரு முனை சுருண்டுகொண்டது. அதை உள்ளங்கையால் அவரே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இது செவுத்துல வருமா?"

நீங்கள் இருவரும் சொன்னால்தான் என்றேன்.

"கீழ என்ன எழுதுவீங்க?"

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். இப்போதைக்கு மணிக்கட்டுக் காயம் என்று இருக்கிறது, அதை மாற்றவேண்டும் என்றேன்.

"காயம்னு எழுதாத. காப்புன்னு எழுது. எங்கம்மாவுக்காகக் கட்டினதுன்னு எழுது." அண்ணனை அவர் பார்க்கவில்லை. "அன்னிக்கே அவன் தம்பி ஆறுமுகம் லம்பாசாவுல தீ மிதிச்சான்னும் எழுது. அவன் பேரு மட்டும் வந்தா எப்படி?"

எழுதிக்கொண்டேன். இன்று அந்தக் கூடத்துச் சுவரில் அப்படியே இருக்கிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும். கால்பந்துப் படங்களுக்கு நடுவில் ஒரு தீக்குழி என்ன செய்கிறது என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். சொல்கிறேன். எங்கள் அப்பாவின் வேலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

எழுதி முடித்து நிமிர்ந்தபோது, ஆறுமுகம் அங்கிள் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவில் இருந்த அந்த அரையடியை.

"அண்ணே."

"ம்."

"இந்தப் பந்து. புடிச்சியா?"

மாணிக்கம் அங்கிள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"கையில பட்டுச்சு. நிக்கல. உள்ள போயிடுச்சு."

தம்பி மிச்சமிருந்த சிப்ஸ் தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப ஒனக்கும் சுட்டிருக்கு" என்றார்.